குழந்தைகளின் கைகளில் இளவேனில்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பங்குனித் தேய்பிறையில் ஆதிநாதர் பிறந்த நாள். அதனை அடுத்து மகாவீரர் பிறந்த நாள். சித்திரையில் அட்சய திருதியை. இளவேனில் பிறக்கும்போதே நம் இல்லங்களுக்கு மூன்று திருநாள்கள் வந்துவிடுகின்றன. பள்ளிகளும் தேர்வை முடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆலயம் சென்று வழிபட்டுத் திரும்பியபின் எஞ்சிய நீண்ட பகற்பொழுதைப் பெரும்பாலும் கைப்பேசியே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறு கைகளுக்கு வேறொரு வேலை தருவது பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கைவேலை வெறும் பொழுதுபோக்கு, அதற்கும் அறத்துக்கும் தொடர்பில்லை என்று கருத வேண்டா. விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்தவை ஆறு தொழில்கள் என்பது நாம் அறிந்ததே. வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம் ஆகியவற்றோடு சிற்பமும் அவ்வரிசையில் நிற்கிறது. தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அவரே பயிற்றினார் என்று ஆதிபுராணம் கூறும். முதல் பள்ளிக்கூடம் வீடே. முதல் ஆசிரியர் தந்தையே. நம் மாவட்டத்துக் கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பெற்ற திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. குரத்தியர் எனப்பெற்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. கல்வியும் கைத்திறனும் ஒரே பாறையில் இடம்பெற்ற மண் இது.

இனி, நம் கடற்கரைக்கு வருவோம். தூத்துக்குடியில் ஒரு குழந்தையை மணலில் இறக்கிவிட்டால் அது முதலில் குனிந்து எடுப்பது சிப்பியாகத்தான் இருக்கும். விடுமுறைக் கைவேலை என்றாலும் சோழி மாலை, சிப்பிப் பொம்மை, சங்கு விளக்கு என்றே பலரும் தொடங்குகிறோம். இவ்விடத்தில்தான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும்.

கொற்கைக் காலந்தொட்டு இக்கரையின் புகழ் முத்தால் வளர்ந்தது. ஆனால் அம்முத்து வெளிவந்த வழி எது? குளித்தெடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிடுவர்; பிறகு கழுவி, எஞ்சியதில் முத்தைத் தேடுவர். ஒரு முத்துக்காக மடிந்த சிப்பிகளுக்குக் கணக்கில்லை. சிப்பி வளம் குன்றியதால், 1961ஆம் ஆண்டுக்குப்பின் இங்கு முத்துச் சலாபம் நடைபெறவே இல்லை. மூச்சடக்கிக் கடலுள் இறங்கிய உழைப்பாளிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வாங்கும் கைக்கும் பொறுப்பு உண்டு என்பதே நான் சொல்ல வந்தது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுடையன. நந்தும் முரளும், அதாவது நத்தையினமும் சிப்பியினமும், ஈரறிவுடையன. நண்டு நான்கறிவுடையது. புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களைத் தரம் பிரிக்கும் நம் ஆகம நெறியும் இவ்வாறே சங்கையும் சிப்பியையும் ஈரறிவினவாகக் கொள்ளும். கடைகளில் பளபளக்கும் சங்கும் சோழியும் பெரும்பாலும் உயிரோடு எடுக்கப்பட்டவை. அலையில் நெடுநாள் புரண்டு கரை சேர்ந்த ஓட்டுக்கு அந்த மெருகு இராது.

வெற்று ஓட்டை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு மாணவி கொண்டுவந்து வைத்த சிறு சங்கு, பாடத்தின் நடுவே மேசைமீது நடக்கத் தொடங்கியது. உள்ளே ஒரு துறவி நண்டு இருந்தது. தனக்கென வன்மையான ஓடில்லாத அவ்வுயிர், பிற உயிர் விட்டுச்சென்ற ஓட்டையே வீடாகக் கொள்ளும். வளர வளரப் பெரிய ஓட்டைத் தேடி மாறும். நமக்கு வெற்று ஓடாகத் தோன்றுவது அதற்கு நாளைய இல்லம். அன்று முதல் நான் பிள்ளைகளுக்குக் கற்பித்த முதற்கேள்வி, 'இது யாருடைய வீடு?' என்பதே. சிப்பியைக் கண்டால் உற்றுப் பார்க்கட்டும், குறிப்பேட்டில் வரையட்டும், எடுத்த இடத்திலேயே வைக்கட்டும். பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை, சிலவகைச் சங்குகள் ஆகியவற்றைச் சட்டமே காக்கிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

அப்படியானால் எதனால் செய்வது? இக்கரையில் குறைவேயில்லை.

பனையிலிருந்து தொடங்குவோம். மணப்பாட்டு ஓலைப்பின்னல் நாடறிந்தது. உலர்ந்த ஓலையை வடிகட்டிய நீரில் நனைத்தால் அது மடிப்புக்கு இணங்கும். இரு கீற்றுகளைக் குறுக்காகக் கோத்து, நடுவில் உடைமுள்ளைச் செருகிக் குச்சியில் பொருத்தினால் காற்றாடி ஆயிற்று. நுங்கு உண்டபின் எறியும் இரு கூந்தல்களைக் குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளினால் வண்டி ஓடும். பேரப்பிள்ளைக்கு இதைக் கற்பிக்கத் தாத்தாவைவிடத் தகுந்த ஆசிரியர் இல்லை.

அடுத்தது உப்பு. கொதிக்கவைத்த நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து, தெளிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். பூச்சிகள் விழாதபடி மெல்லிய துணியால் மூடி, அசைக்காமல் வையுங்கள். சில நாள்களில் நூலைச் சுற்றிச் சிறுசிறு பெட்டிகள் போன்ற படிகங்கள் விளையும். முத்தைப்போல் உருண்டையாக இராது. ஆயினும் ஓர் உயிரையும் வருத்தாமல் தூத்துக்குடிக் குழந்தை விளைவித்த முத்து அதுவே.

மூன்றாவது ஏடு. நம் முன்னோர் ஓலையில் எழுதிப் போற்றியமையால்தான் சீவக சிந்தாமணி நமக்குக் கிடைத்தது. குடந்தைச் சமணர்கள் பொருள் விளக்கி உதவ, உ.வே.சாமிநாதையர் அதனை 1887இல் பதிப்பித்தார். ஐந்து ஓலை நறுக்குகளில் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, தூய ஒழுக்கம், மிகுபொருள் விரும்பாமை என ஐந்து அணுவிரதங்களையும் பிள்ளைகள் எழுதட்டும். துளையிட்டு நூலில் கோத்துத் தலைவாயிலில் தோரணமாகக் கட்டுங்கள்.

இவ்வளவுக்கும் மூன்றே விதிகள் போதும். உதிர்ந்ததையே எடு, இது கொல்லாமை. உரியவர் இருப்பின் கேட்டு எடு, இது கள்ளாமை. வேண்டிய அளவே எடு. இது மிகுபொருள் விரும்பாமை. நூறு முறை செவியில் ஓதியும் பதியாத விரதம், ஒருமுறை கை பழகினால் நிலைத்துவிடும்.

வீட்டில் முன்பே உள்ள சங்கையும் சோழியையும் எறிந்துவிடுமாறு நான் சொல்லவில்லை. அவற்றைக் கையில் கொடுத்து, உள்ளே வாழ்ந்த உயிரின் கதையைக் கூறுங்கள். கேட்ட குழந்தை அடுத்தமுறை கடற்கரையில் குனியும்போது, எடுப்பதற்கு முன் அவ்வோட்டைத் திருப்பிப் பார்க்கும். அந்த ஒரு கணத் தயக்கமே அகிம்சையின் முதற்பாடம். அதனை இவ்விளவேனில் விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு வழங்குவோம்.

அருகன் அடி வாழ்க!