பராமரிப்புக்கு ஒரு காப்புறுதி



பாரிசவாதத்தால் வீழ்ந்த முதியவரை வைத்தியர் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அதன் பின் நாடோறும் அவரைக் குளிப்பாட்டுவதும் உண்பிப்பதும் யார் கடன்? மருத்துவக் காப்புறுதி நோய் தீர்க்கும் செலவை ஏற்குமேயன்றி இவ்வினாவுக்கு விடை கூறாது. விடை கூற எழுந்ததே நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி.

யப்பானில் இதற்கான சட்டம் 1997ஆம் ஆண்டு நிறைவேறி, 2000ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. 40 வயது நிரம்பியோர் கட்டணம் செலுத்துவர். 65 வயதை எட்டியவர் உதவி வேண்டின், உள்ளூராட்சி மன்றம் அவருடைய செல்வத்தையன்று, எழவும் நடக்கவும் உண்ணவும் அவரால் இயலுமா என்பதையே ஆராய்ந்து, தேவையை 7 படிகளுள் ஒன்றில் வைக்கும். வீட்டுக்கு வரும் பணியாளர், பகற்பொழுதுப் பராமரிப்பு நிலையம், சில நாள் தங்குமிடம், வாடகைச் சக்கர நாற்காலி ஆகியன இதனாற் கிடைக்கும்.

ஆயினும், யாவும் இலவசமன்று. பெரும்பாலோர் செலவில் 10 வீதத்தைத் தாமே கொடுப்பர். வருவாய் மிக்கோர் கூடுதலாகக் கொடுப்பர். பராமரிப்பு இல்லத்தின் உணவும் உறைவிடமும் 2005 ஒக்டோபர் முதல் அவரவர் பொறுப்பு.

1995இல் இத்தகைய காப்புறுதியைத் தொடங்கிய ஜேர்மனி, உதவியைப் பணமாகவும் பெற இடமளித்தது. யப்பானோ சேவையையே தேர்ந்தது. பணம் கொடுப்பின், மருமகளே மீண்டும் படுக்கையருகே கட்டுண்டு கிடப்பாள் என்று அங்குள்ள பெண்கள் வாதிட்டனர்.

ஆகவே, பராமரிப்புக் காப்புறுதி எதுவாயினும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: உதவி எந்நிலையில் தொடங்கும்? கிடைப்பது சேவையா, பணமா? எதனை அது ஏற்காது?