யாருமில்லாத அலை யாருக்குச் சொந்தம்?

(ஜார்ஜ்டவுனில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காகச் சற்றே சுருக்கித் தருகிறோம்.)



கடல் விளையாட்டும் கடற்கரை மக்களும் என்ற பொருளில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் அலைச்சறுக்கை எடுத்துக்கொள்கிறேன். பினாங்கில் நின்றுகொண்டு அலைச்சறுக்கைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். பத்து பெரிங்கியில் பாராசூட்டில் பறப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பலகைமேல் நின்று அலையோடு வருகிறவரைப் பார்த்ததில்லை. காரணம், இந்தியப் பெருங்கடலுக்கும் நமக்கும் நடுவே சுமத்ரா தீவு சுவர்போலக் கிடக்கிறது. பெருங்கடலின் அலை நம் கரைக்கு வந்து சேர்வதில்லை. நம் நாட்டில் அலைச்சறுக்கு வேண்டுமென்றால் கிழக்குக் கரைக்குத்தான் போகவேண்டும். செராத்திங், தேசாரு, தியோமான் தீவின் ஜுவாரா ஆகிய இடங்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆடுகிறார்கள். மீனவர் படகைக் கரையேற்றிவிட்டுக் காத்திருக்கும் அதே மாதங்கள்தான் அவர்களுக்குத் திருவிழாக் காலம். இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சே அதைப் பற்றியதுதான்.

முனை அலை என்றால் என்ன?

அலைச்சறுக்கு ஆடுகிறவர்களிடம் எது நல்ல அலை என்று கேட்டுப்பாருங்கள். பெரிய அலை என்று எல்லாரும் சொல்லிவிடமாட்டார்கள். பலர் முனை அலை என்பார்கள். அவர்கள் வழக்கில் பாயிண்ட் பிரேக். நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டியிருக்கும் இடம் அது. வெளியிலிருந்து வரும் அலை அந்த மூக்கை உரசும்போது, ஆழம் குறைந்த பக்கத்தில் அதன் வேகம் குறைகிறது. ஆழமான பக்கம் அதே வேகத்தில் வருகிறது. அதனால் அலை முனையைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்புகிறது. மொத்தமாக இடிந்து விழாமல், சேலைக் கொசுவம் மடிவதுபோல் ஓரத்திலிருந்து ஒழுங்காக மடிந்துகொண்டே போகிறது. சாதாரணக் கரையில் சில விநாடிகளில் முடிந்துவிடும் ஓட்டம், நல்ல முனையில் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீளும்.

ஆனால் ஓர் அலையில் ஒருவர்தான் போகலாம். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்கே முன்னுரிமை. மற்றவர் விலகிக்கொள்ள வேண்டும். இது எழுதாத சட்டம். புகழ்பெற்ற முனைகளில் நாற்பது பேர், ஐம்பது பேர் பலகைமேல் உட்கார்ந்து காத்திருப்பார்கள். சண்டையும் வரும். ஆகவேதான் ஆளில்லாத முனையைத் தேடிப் பாலைவனக் கரைகளுக்கெல்லாம் போகிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க அலைச்சறுக்கு இதழ் ஒன்று, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் புதிய அலையைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று வாசகர்களுக்குப் போட்டி வைத்தது. ஒரு வாசகர் ஆப்பிரிக்காவின் நமீபியாவில், பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் ஒரு மணல் முனையைக் காட்டினார். 2008இல் அங்கே ஆடிய படங்கள் வெளிவந்தன. இரண்டு கிலோமீட்டர் தூரம் ஓடும் அலை! அதன்பின் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அங்கே பறந்தார்கள். கணினியும் செயற்கைக்கோளும் வந்தபிறகு எந்த அலையும் வெகுநாள் ரகசியமாக இருக்க முடியாது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

மணப்பாட்டில் ஒரு முனை

தமிழ் மண்ணிலும் அப்படி ஒரு முனை இருக்கிறது. நம்மில் பலர் திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்கப் போகிறோம். அங்கிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கிறது மணப்பாடு. கடலுக்குள் நீண்ட ஒரு மணற்குன்று. அதன்மேல் திருச்சிலுவை ஆலயம். குன்றின் கடலோரப் பக்கத்தில், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. இது பரதவர் ஊர்.

அந்த வட்டாரத்தின் உட்பகுதியில் தேரிக்காடு. செக்கச்செவேலென்ற மணல்மேடுகள், பனை, உடைமரம். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் வறண்டுபோன சீமை. பினாங்கில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையைவிட மிகக் குறைவாகத்தான் அங்கே பெய்யும். நெய்தலும் பாலையும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கும் இடம் என்று சொல்லலாம்.

அந்த முனையில் வந்து மோதும் அலை எங்கே பிறக்கிறது தெரியுமா? தென் துருவத்தை ஒட்டிய பெருங்கடலில் வீசும் புயல்களில். பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாட்கள் பயணம் செய்து, தென்தமிழ்க் கரைக்கு வருகிறது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரென்று பொங்கும். தென்கோடி மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். திருடனைப்போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்த நேரம் அது. பலகை வைத்திருப்பவருக்கு விளையாட்டு கொடுக்கும் அதே அலை, கடலை அறியாதவரைக் கொண்டுபோய்விடுகிறது.

பினாங்கு மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி, நில நடுக்கம் ஏற்பட்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து, ஆழிப்பேரலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து நம் கரைக்கு வந்தது. சுவர் இருக்கிறது என்று நினைத்தோம். அலை சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. பினாங்கில் மட்டும் 52 பேரை இழந்தோம். அதற்குப்பின் பிள்ளைகளைக் கடலில் இறங்கவிடாத வீடுகள் பல. அந்தப் பயத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பயம் மட்டும் நீந்தக் கற்றுக்கொடுக்காது.

யாருமில்லையா?

மணப்பாட்டு முனையில் ஆடிவிட்டு வருகிறவர்கள், அங்கே கூட்டமே இல்லை, யாருமே இல்லை என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். பலகையோடு யாருமில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கரையில் யாருமில்லை என்று சொல்ல முடியுமா? சூரியன் உதிக்கும் முன்பே அங்கிருந்து படகுகள் புறப்பட்டுப் போகின்றன. எந்தக் காற்றுக்கு எந்த நீரோட்டம், எந்த மாதத்தில் மணல் எங்கே ஒதுங்கும், வரிசையாக வரும் அலைகளில் எதை விட்டு எதன் முதுகில் படகை ஏற்றவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாட்டன் சொத்து. கட்டுமரத்தில் நின்றுகொண்டு துடுப்பால் திசை திருப்பி அலையோடு கரைக்கு வந்தவர்கள் அவர்களுடைய முன்னோர்கள். அலைமேல் நிற்பது தமிழனுக்குப் புதிதில்லை. விளையாட்டாக நிற்பதுதான் புதிது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அலைச்சறுக்குக்கு உயிர் கொடுப்பது கடலடியில் சேரும் மணல். மீனவனுக்கு வினையாவதும் அதே மணல்தான். மணல் மேடிட்டுவிட்டால் படகு வெளியேற முடியாது. திரும்பி வரும்போது கவிழும் ஆபத்தும் உண்டு. அதனால் தூண்டில் வளைவு வேண்டும் என்று மணப்பாட்டு மீனவர்கள் கேட்டுவந்திருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்பது கடலுக்குள் தூண்டில் முள்போல் வளைத்துப் போடும் கற்சுவர். அதைப் போட்டால் மணலின் போக்கு மாறும். அலையும் மாறிப்போகலாம். ஒருவருக்கு வாழ்வாக இருப்பது இன்னொருவருக்கு நட்டம்.

கல்லைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கேயே தடைப்பட்டது. நகரத்தின் மணற்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. கடைசியில் மணலை மீட்பதற்காகக் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைக்க வேண்டியதாயிற்று.

தென் அமெரிக்காவின் பெரு நாடு இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். அதுவும் பாலைவனக் கரைதான். அங்கே சிகாமா என்னும் ஊரில் உலகின் மிக நீளமான முனை அலைகளில் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலேயே அலைகளைப் பாதுகாக்கச் சட்டம் செய்தார்கள். 2016இல் சிகாமா அலை அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. அதன் அருகே கட்டுமானம் செய்கிறவர்கள் முதலில் அலை கெடுமா என்று பார்த்தாக வேண்டும். அதே கரையில் உவான்சாக்கோ என்ற ஊர். அங்கே மீனவர்கள் கோரைப்புல்லில் கட்டிய சிறு படகில் ஏறி, பல நூற்றாண்டுகளாக அலையோடு கரைக்கு வருகிறார்கள். நம் கட்டுமரத்துக்கு அண்ணன் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையையும் துறைமுகச் சுவர் அரித்துவருகிறது. அலையைக் காப்பதும் மீனவனைக் காப்பதும் ஒரே வேலையாகிவிட்ட இடம் அது.

யாரிடம் ஒப்படைப்பது?

இந்த மேடையில் இரண்டு கருத்துகள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஒன்று, இப்படிப்பட்ட இடங்களை வெளியில் சொல்லக்கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது. மற்றது, ஓட்டல் கட்டிச் சுற்றுலா வளர்க்க வேண்டும் என்பது. இரண்டிலும் அந்த ஊர்க்காரன் இல்லை. முதல் கருத்தில் அவன் கண்ணுக்கே தெரிவதில்லை. இரண்டாவதில் அவன் ஓட்டல் காவலாளி.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே கோவலத்தில் நடந்தது அது. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் பலகையை இரவல் வாங்கி அலைச்சறுக்குப் பழகினார். பின்னர் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆதரவு தர ஆட்கள் வந்தார்கள், பள்ளி உருவானது. 2013இல் அலைச்சறுக்குத் திருவிழாவே நடந்தது. மீனவப் பிள்ளைகள் பயிற்சியாளர்களாகவும் உயிர்காப்பாளர்களாகவும் ஆனார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே பக்கத்து ஊரான மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றார்.

இலங்கையின் கிழக்கே பொத்துவில் பக்கம் அறுகம்பே. தமிழ் பேசும் மீனவர்கள் வாழும் கரை. உள்நாட்டுப் போரையும் ஆழிப்பேரலையையும் தாங்கிய ஊர். அங்குள்ள முனை அலைக்காக உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நெடுங்காலம் அங்கே பெண்கள் கரையில்தான் நின்றார்கள். 2018இல் பெண்களுக்கென்று தனி அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். இப்போது தாய்மார்களும் பலகையோடு இறங்குகிறார்கள். கூட்டம் வந்துவிட்டதே என்று வெளிநாட்டவர் அலுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்களைக் கேட்டால், இத்தனை நாள் எங்களைத்தான் கூட்டத்தில் சேர்க்கவில்லை என்பார்கள்.

மணப்பாட்டுக்கு அருகே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சாலை வரும், ஆட்கள் வருவார்கள். அந்த முனை இனிமேல் வெகுநாள் தனிமையில் இருக்காது. ஆகவே அவசரம் இருக்கிறது. கூட்டம் வருமுன் அந்த ஊர்ப் பிள்ளைகள் பலகையில் ஏறியிருக்க வேண்டும். தூண்டில் வளைவு எங்கே, எப்படி என்று பேசும் கூட்டத்தில் மீனவரும் பொறியாளரும் அலைச்சறுக்கு ஆடுகிறவரும் ஒன்றாக உட்கார வேண்டும். படகா, பலகையா என்ற நிலை வந்தால் படகுக்குத்தான் முதலிடம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுப் பிள்ளையே பலகையில் நின்றால், அப்பாவும் மகனும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரனுக்கும் மீனவனுக்குமான வழக்காக அது போகாது.

இதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம் தீவின் தென்புறத்தில் சிலிக்கான் தீவுக்காகக் கடலைத் தூர்க்கும் வேலை 2023 செப்டம்பரில் தொடங்கியது. முதலில் மூன்று தீவுகள் என்று சொன்னார்கள், பிறகு ஒன்றாகக் குறைத்தார்கள். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று இன்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வரைபடத்தில் நீல நிறமாக, வெறுமையாகத் தெரிந்த அந்த இடத்தில் வலை வீசிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். கடல் என்றால் காலி மனை என்று நினைக்கும் பழக்கம் எங்கும் ஒன்றுதான்.

அடுத்தமுறை திருச்செந்தூர் போனால், ஒரு மணி நேரம் ஒதுக்கி மணப்பாட்டுக் குன்றின்மேல் ஏறி நில்லுங்கள். முனையைச் சுற்றி அலை வளைந்து வருவதைப் பாருங்கள். அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம், ஐயா, இன்று கடல் எப்படி என்று கேளுங்கள். அந்த அலையைப் பற்றி அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடிய செயற்கைக்கோள் எதுவும் கிடையாது.