முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு கேமரா

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசணும்வே, தலைப்பு உம்ம இஷ்டம்" என்று செயலாளர் சொன்னார். நான் 1986-இல் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, திருச்செந்தூரிலேயே ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிறவன். பெரிய விஷயங்கள் பேச இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கேமரா. இரண்டு மூன்று வருஷமாக நம் கல்லூரிப் பிள்ளைகள் என் கடை வாசலில் வந்து நின்று கேட்கிற கேள்வியும் ஒன்றேதான்: "அண்ணாச்சி, முப்பதாயிரத்துக்குள்ள நல்ல கேமரா எது?" அதற்கு நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே சொல்லிவிடுகிறேன்.

இது பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று பெரியவர்கள் நினைக்க வேண்டாம். சில மாதங்களுக்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் வந்தார். அப்பா ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை. தொண்ணூறாயிரம் ரூபாயில் ஒரு கேமராவும் லென்ஸும் பார்த்து வைத்திருக்கிறார். காதுகுத்து, கல்யாணம் என்று எடுத்தால் ஒரே வருஷத்தில் பணம் திரும்பிவிடுமாம். "பணத்துக்கு என்ன செய்யப் போறீங்க தம்பி?" என்றேன். "அம்மா செயினை வச்சுத் தாரேன்னு சொல்லியிருக்காவ" என்றார்.

அவரை உட்கார வைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 900 ரூபாய். ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆடியிலும் கிடையாது. வட்டிக்கு மட்டும் ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. புதுப் பையனை நம்பி முழுக் கல்யாணத்தையும் யாரும் ஒப்படைக்கவும் மாட்டார்கள். முதல் வருஷம் இன்னொருவருக்கு உதவியாளாகத்தான் போக வேண்டியிருக்கும். கணக்கை முடித்ததும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆறு மாசம் என் கேமராவை வச்சு என்கூட வாங்க, அதுக்குள்ள முப்பதாயிரம் சேருதான்னு பாப்போம்" என்றேன். வந்துகொண்டிருக்கிறார். செயின் அம்மா கழுத்தில்தான் இருக்கிறது.

இனி கேமராவுக்கு வருவோம். எந்தக் கேமரா என்று கேட்பதற்கு முன்னால், படம் கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். செல்போன் திரையிலேயே பிறந்து அங்கேயே முடிகிற படம் என்றால், கையில் இருக்கிற போனே போதும், காசை வீணாக்காதீர்கள். அச்சுப் போடுவதாக இருந்தாலும் கணக்கு பயப்படுகிற அளவுக்கு இல்லை. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200-க்கு 1800 புள்ளிகள். அதாவது இரண்டே கால் மெகாபிக்சல்கூட இல்லை. 12-க்கு 18 ஆல்பம் பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி போதும் என்று வைத்தால் எட்டரை மெகாபிக்சல் சொச்சம். 300 புள்ளிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் 19 சொச்சம். ஆக, 24 மெகாபிக்சல் உள்ள பழைய கேமரா எதுவும் கல்யாண ஆல்பத்துக்கு மேலேயே நிற்கும். கடைக்காரர் ஐம்பது, நூறு என்று மெகாபிக்சல் சொல்லும்போது நீங்கள் ஆல்பத்தின் அளவைச் சொல்லுங்கள்.

அவர் சொல்லாமல் விடுவது சென்சாரின் அளவை. நம் ஊரில் இதை விளக்குவது எளிது. உப்புப் பாத்தி பெரிதாக இருந்தால் அதிக வெயில் வாங்கும், அதிக உப்பு விளையும். சின்னப் பாத்தியை நூறு துண்டாக வரப்புக் கட்டிப் பிரித்தாலும் மொத்த விளைச்சல் கூடாது. சாதாரணப் பாக்கெட் கேமராவின் சென்சார் சுமார் 6 மி.மீ.க்கு நாலரை மி.மீ. டி.எஸ்.எல்.ஆர். என்கிறோமே, அதில் விலை குறைந்த வகையிலேயே சுமார் 23-க்கு 15 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், பன்னிரண்டு மடங்குக்கு மேல் வரும். மண்டபத்தில் குழல்விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் கறுத்த கோட்டு புள்ளி புள்ளியாக வருவதும் வராததும் இந்த வித்தியாசத்தால்தான்.

அடுத்தது லென்ஸ். கேமராவோடு வருகிற 18-55 லென்ஸை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். குடும்பப் படத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் அதை 55-க்கு நீட்டினால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. கேனனிலும் உண்டு, நிக்கானிலும் உண்டு. லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று. அது உள்ளே விடுகிற வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. ஒன்று 30-இல் ஒரு பங்கு நொடி கேட்கிற இடத்தில் இது 300-இல் ஒரு பங்கு நொடியில் எடுத்துவிடும். தாலி கட்டுகிற கை அசையாமல் நிற்காது பாருங்கள், அங்கே தெரியும் அருமை. ஒரு குறை, இந்தச் சென்சாரில் அது 75 மி.மீ. மாதிரி குறுக்கிக் காட்டும். சின்ன வீட்டில் பத்துப் பேரை நிறுத்தினால் உங்கள் முதுகு சுவரில் இடிக்கும். அதனால் இரண்டும் வேண்டும்.

நிக்கான் வாங்குகிறவர்கள் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய 'டி' வகை 50 மி.மீ. லென்ஸ் செகண்ட்ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். டி 90, டி 7000 போன்றவற்றின் உள்ளே ஃபோகஸ் மோட்டார் உண்டு. அவற்றில் அது நன்றாக வேலை செய்யும். டி 3000 வரிசையிலும் டி 5000 வரிசையிலும் அந்த மோட்டார் கிடையாது. அவற்றில் மாட்டினால் கையால்தான் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று என் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை, ஜோடிதான் பொருந்தவில்லை.

புதிதா, பழசா? முப்பதாயிரம் என்றால் பழசுதான் என்பது என் கட்சி. கேனனும் நிக்கானும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால், நல்ல டி.எஸ்.எல்.ஆர்.களைப் பலர் விற்கிறார்கள். அவர்கள் அவசரம் நமக்கு லாபம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். முதலில் லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாக உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். முன் கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் பாதகமில்லை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பிறகு எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளி தூசி, துடைத்தால் போகும். கோடோ கீறலோ இருந்தால் போகாது. எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்பது நிக்கானில் எடுத்த படக் கோப்பிலேயே பதிந்திருக்கும், கணினியில் பார்த்துக்கொள்ளலாம். கேனனில் பெரும்பாலும் அப்படித் தெரியாது, சர்வீஸ் செய்கிறவரிடம் கேட்க வேண்டும். டி 90-க்குக் கம்பெனி சோதித்துச் சொன்ன கணக்கு ஒரு லட்சம். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் படம் எடுக்கிறவர் கையில் நூறு கல்யாணத்தில் அது முடிந்துபோகும். ஆகவே ஸ்டூடியோக்காரர் விற்பதைவிட, ஆசைக்கு வாங்கிப் பீரோவில் வைத்திருந்தவர் விற்பது மேல். நானே ஸ்டூடியோக்காரன்தான், இருந்தாலும் சொல்லுதேன்.

திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பில்லில் உள்ள எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில்லே இல்லாமல் பாதி விலைக்கு யாராவது நீட்டினால், அது யார் வீட்டுப் பொருளோ!

முப்பதையும் பாடியிலேயே போட்டுவிடாதீர்கள். இருபதுக்குள் பாடியும் கிட் லென்ஸும், மீதியில் 50 மி.மீ., இன்னொரு பேட்டரி, இரண்டு கார்டு, ஒரு டப்பா. பெரிய கார்டு ஒன்றைவிடச் சின்னக் கார்டு இரண்டு நல்லது. ஒன்று போனாலும் பாதிக் கல்யாணமாவது மிஞ்சும். போலிக் கார்டு நிறைய நடமாடுகிறது. வாங்கிய அன்றே முழுக்க நிரப்பி, எல்லாப் படமும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டப்பா என்றேன் அல்லவா, நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் முக்கியம். மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கடல்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, கேமராவை விடுமா? காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிகா ஜெல். நிறம் மாறுகிற வகையாக வாங்கினால், ஈரம் குடித்ததும் தெரிந்துவிடும். மிதமான சூட்டில் காய வைத்து மறுபடி போடலாம். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள், மாவுத் தூசி உள்ளே போகும். தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அது மெத்தை. கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் சற்றே ஈரமான துணியால் வெளியே துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். லாட்ஜ் ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தால் அரை மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம், கண்ணாடியில் வேர்த்துவிடும்.

சூரசம்ஹாரம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்ஹாரம் மாலையில். கடல் கிழக்கே, கோவில் மேற்கே. கோபுரம் பின்னணியில் வரட்டும் என்று அலையோரம் நின்றால் வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும், எல்லாம் கருப்பாக வரும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள், அல்லது கோவில் பக்கமாக இடம் பிடியுங்கள். ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் மளமளவென்று இறங்கிவிடும், 50 மி.மீ. அப்போது கைகொடுக்கும். கோவிலுக்குள் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோவில்களில் செல்போனுக்கே தடை போடச் சொன்னது நம் கோவில் வழக்கில்தான். கேமராவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

தங்கைகள் சிலர் இப்போது இருபது வருஷத்துப் பாக்கெட் கேமராவைத் தேடுகிறார்கள், அந்தக் காலத்து நிறம் வருகிறதாம். தாராளமாக வாங்குங்கள். எஸ்.டி. கார்டு போடுகிற மாடலா என்று மட்டும் பாருங்கள். எக்ஸ்.டி. கார்டு, மெமரி ஸ்டிக் கேட்கிற கேமரா வாங்கினால் கார்டுக்கு அலைய வேண்டும்.

எங்கள் காலத்தில் அக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம். பன்னிரண்டில் எட்டு தேறினால் ராஜா. 1975-இல் கோடாக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் நூறுக்கு நூறு புள்ளிதான், ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி ஆனது. அதே கோடாக் 2012-இல் திவால் மனு கொடுத்தது. இதை, எனக்கு ஒளியியல் சொல்லித் தந்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா வகுப்பில் சொல்லியிருக்க முடியாது. நான் படிக்கும்போது அந்தக் கேமரா வெளியுலகத்துக்கே தெரியாது.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தண்ணீர் வடிந்த பிறகு ஏரல், ஆத்தூர்ப் பக்கமிருந்து நனைந்த ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். ஒரு பாட்டி கொண்டுவந்தது ஒரே ஒரு படம், கல்யாணப் படம், கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. "பிச்சு எடுத்துத் தா ராசா" என்றார்கள். பிய்த்தால் தாத்தாவின் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வைத்து, சாய்வாக வெளிச்சம் விட்டு, ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டிக் கண்ணாடிக்கு மேலேயே எடுத்தேன். எடுத்தது 2008-இல் வந்த டி 90, பன்னிரண்டு மெகாபிக்சல். முகம் முழுசாக வந்தது. நனைந்த படம் இருந்தால் நீங்களும் காயவிட்டுப் பிரிக்காதீர்கள். நல்ல தண்ணீரில் போட்டு மெதுவாக விலக்கி, முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்துங்கள். விலகாவிட்டால் அப்படியே படம் எடுத்துவிடுங்கள்.

கல்யாணத்தை ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தவர்களும் வந்தார்கள். பீரோவின் கீழ்த்தட்டு. அதிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. ஆகவே கேமரா வாங்குகிற பணத்தோடு இன்னொரு டிஸ்குக்கும் ஒதுக்குங்கள். அது வேறு ஊரில், அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். வெளியூர், வெளிநாட்டு அண்ணாச்சிமாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பீரோவில் தூங்குகிற கேமரா இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரியை மட்டும் கழற்றித் தனியாக வையுங்கள். துடைத்து, ஓடுகிறதா என்று நான் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம். இயற்பியல் துறையில் ஒரு டப்பாவில் வைத்துப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்க முதல்வர் அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். சார்ஜரை மறந்துட்டு வந்துராதீங்க.