வயிற்று ஒப்பரேஷனுக்குப் பிறகு நாம் கவனிக்க வேண்டியவை

(சிலாபம் கரையோரத் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் பேசியது)



சிசேரியன், கருத்தடை, குடல்வால், கர்ப்பப்பை என்று வயிற்றில் கத்தி பட்டவர்கள் நம் லயங்களில் நிறையப் பேர். வெளித்தையல் ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் குடலைச் சுற்றி வழவழப்பான மெல்லிய சவ்வு இருக்கிறது. அதனால்தான் குடல் சிக்கில்லாமல் வழுக்கி அசைகிறது. கத்தி பட்ட இடத்திலும் கிருமி பிடித்த இடத்திலும் உடம்பு பசைபோல ஒன்றைச் சுரந்து காயத்தை மூடும். சில நாளில் அது கரைந்துவிட்டால் நல்லது. கரையாவிட்டால் தழும்பு நாராகி, குடலைக் குடலோடும் கருக்குழாயோடும் ஒட்டிவிடும். வயிறு திறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படிக் கொஞ்சம் ஒட்டுகிறது. அவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் வராது. சிலருக்கு மட்டும், வருடங்கள் கழிந்தும்கூட, குடல் அடைபடும். சில பெண்களுக்குக் கரு தங்குவது கஷ்டமாகும்.

எண்ணெய் தடவுவதும், வயிற்றை இறுக்கிக் கட்டுவதும், பத்தியமும் இந்த ஒட்டைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாரம் தூக்கியதால் ஒட்டியது என்று ஒரு பெண்ணைக் குறை சொல்வதும் தவறு. ஆனால் பாரம் வேறு கேடு செய்யும். தையல் போட்ட இடம் பலவீனமாகிக் குடல் வெளியே பிதுங்கலாம்.

தடுப்பு வேலையில் பெரும்பங்கு தியேட்டருக்குள்தான் நடக்கிறது. டொக்டர் குடலை மென்மையாகக் கையாள வேண்டும், இரத்தத்தை நிறுத்த வேண்டும், குடலைக் காயவிடாமல் ஈரமாக வைக்க வேண்டும். சிறு துளை வழியாகச் செய்யும் ஒப்பரேஷனில் ஒட்டு பொதுவாகக் குறைவு. கையுறைக்குள் போடும் மாவும் ஒட்டு உண்டாக்கும். மாவுக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் கையில் இருப்பவை இவை:

1. வயிற்று வலியைக் கைமருந்தால் இழுத்தடிக்காதீர்கள். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவினால் ஒட்டும் கூடும்.

2. ஒப்பரேஷனுக்குப் பிறகு தாதி எழுந்து நடக்கச் சொன்னால் நடங்கள். அது ஒட்டைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காலில் இரத்தம் உறையாமல் காக்கும்.

3. ஆஸ்பத்திரி தரும் டயக்னோஸிஸ் கார்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை எந்த டொக்டரிடம் போனாலும் பழைய ஒப்பரேஷனைச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் ஒட்டு கூடலாம் என்பதால் இது முக்கியம்.

4. விட்டு விட்டு முறுக்கும் வலி, பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், மலமும் காற்றும் போகாமை: பழைய தழும்பு உள்ளவருக்கு இவை வந்தால் வாய்வு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். பேதி மருந்து கொடுக்கவே கூடாது. வாயால் ஒன்றும் கொடுக்காமல், இரவானாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சேவைக்குக் காசு இல்லை. குடல் நெரிபட்டால் மணிக்கணக்கில் அழுகிவிடும்.

தோழர்களே, இவ்வளவும் தெரிந்தும் "இன்றைக்குப் பேர் வெட்டிவிடுவார்கள்" என்ற பயத்தில் ஒரு தாய் வலியோடு தேங்காய் பொறுக்கப் போனால், அந்தப் பயத்தைப் போக்குவது சங்கத்தின் வேலை. மகப்பேற்று விடுப்பு 12 வாரம். 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே 12 வாரம்தான். ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்ற ஒப்பரேஷன்களுக்கும் டொக்டர் எழுதிய ஓய்வு முடியும்வரை மட்டை சுமக்கவோ மூட்டை தூக்கவோ விடக் கூடாது, கிளினிக் நாளில் பேர் வெட்டக் கூடாது என்று நாங்கள் கேட்கிறோம். டொக்டரின் துண்டைக் கொண்டுவந்து தோட்டக் கமிட்டியிடம் காட்டுங்கள். உங்களோடு கந்தோருக்கு நாங்களும் வருகிறோம்.