மூலநிரலும் முழு ஆக்கமும்

மென்பொருளின் மூலநிரலில் ஒரு வரியைத் திருத்தியதும், நிறுவற்பொதி முழுவதையும் புதிதாக ஆக்க வேண்டுமோ? வேண்டுவதில்லை.

1976ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் படைத்த 'மேக்' என்னும் கருவி, மூலக் கோப்பு மாறிய நேரத்தையும் அதிலிருந்து விளைந்த கோப்பின் நேரத்தையும் ஒப்பிடும். மூலம் புதியதாயின் அப்பகுதியை மட்டுமே மீண்டும் தொகுக்கும். டெபியனின் பொதியாக்கும் கட்டளையோ, தொடங்குமுன் பழைய விளைவுகளைத் துடைத்துவிடும். 'என்.சி.' என்னும் குறியைச் சேர்த்தால் அவை எஞ்சும், காலம் மிச்சமாகும்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. 'மேக்' நோக்குவது நேரத்தை மட்டுமே. சார்பொன்றைக் குறிக்க மறந்திருப்பின், பழைய துண்டு புதியதுபோல் உள்ளே தங்கிவிடும். பிழை பயனர் கணினியில் வெளிப்படும். ஆகவே சோதனைக்குச் சுருக்கவழி கொள்க. பிறருக்கு அளிக்குமுன் முழுவதையும் ஒருமுறை புதிதாகத் தொகுத்திடுக.