உதவியின் மொழி

அறச்சங்கம் என்றதும் அரிசி மூட்டையும் காசோலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1946இல், தஞ்சோங் பகாரில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது அரசன்று. கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறியோரின் சங்கம். பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை அது நிலைத்தது. எவ்வீட்டுப் பிள்ளை படிக்கவில்லை என்பதை அச்சங்கத்தார் விசாரித்தறிய வேண்டியிருக்கவில்லை. ஓர் ஊரார், பக்கத்துத் தெருவினர்.

இன்று நம்மில் பலர் 1991இல் தோன்றிய சிண்டாவுக்கு மாதச் சம்பளத்திலிருந்து சிறுதொகை செலுத்துகிறோம். கொடுப்பவர் எவரெனப் பெறுபவர் அறியார். தலைகுனிய வேண்டியதும் இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் எவ்வீட்டில் துன்பம் என்பதைச் சம்பளப் பட்டியல் சொல்லாது. அதனை முதலில் உணர்பவர் வகுப்பாசிரியர். பல வேளைகளில் அவருக்கும் முன்னரே, அடுத்த இருக்கை மாணவர்.

துணைப்பாட வகுப்பிற்கான விண்ணப்பத்தை ஒரு தாய்க்கு, அவர் மனம் நோகாமல், தமிழில் விளக்கிச் சொல்ல நம் மாணவருள் எத்தனை பேரால் இயலும்? தேர்வுத்தாள் கேட்காத தமிழ் அது. அடுத்த வாய்மொழிப் பயிற்சிக்கு அவ்விண்ணப்பத்தாளையே வகுப்பில் வைத்துத் தொடங்கலாம்.