ஏமம் என்றொரு சொல்

நாட்டுக்கு அணி எவையென்று சொல்லவந்த திருக்குறள் நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம் என்று எண்ணிவிட்டுக் கடைசியில்தான் ஏமத்தை வைக்கிறது. ஏமம் என்றால் காவல். அந்தச் சொல்லுக்கே இன்பம் என்ற பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கீரிமலையாருக்கோ பாதுகாப்பு என்ற சொல் முன்னால் 'உயர்', பின்னால் 'வலயம்' என்று முட்கம்பியாகத்தான் வந்து சேர்ந்தது. 1990இல் போரால் கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்களில் பலர் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் முகாம்களில் கிடந்தார்கள். 2013இல் 6,381 ஏக்கரை இராணுவத்துக்காகச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தது. பிறகு விடுபட்ட வளவுகளில் எத்தனையோ வீட்டுக்குக் கூரையில்லை, கதவுநிலை இல்லை. கிணறு தூர்ந்து, விறாந்தையில் மரம் முளைத்து நின்றது. துவக்கோடு ஆள் நின்று காத்த காணிகள் அவை!

குற்றவியல் நெடுங்காலமாகப் பாதுகாப்பை இன்மையால்தான் அளக்கிறது: களவில்லை, கொலையில்லை, ஆகவே நலம். அந்தக் கணக்கில் ஆளில்லாத ஊருக்கே முதற்பரிசு. 2017 வரை படையின் வசமிருந்த மயிலிட்டித் துறைமுகத்தில் களவென்று முறைப்பாடு கொடுக்க ஊரவர் ஒருத்தரும் இல்லையே. மெய்யான காவலைப் பார்க்க ஆடி அமாவாசையன்று நம் கீரிமலைக் கேணியடிக்கு வாருங்கள். தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய வந்தவர் உடுப்பைப் படிக்கட்டில் வைத்துவிட்டு இறங்குகிறார். அதற்குக் காவல், பக்கத்தில் ஈரத்தோடு நிற்கிற முன்பின் தெரியாத ஒருவர். தெருவைக் காப்பது அங்கே புழங்குவோரின் கண்தான் என்று 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களை வைத்து எழுதியதும் இதைத்தான்.

பலாலி விமானத்தளத்துக்கு ஷெல் எட்டாமல் இருக்க வலயம் வேண்டியிருந்தது என்பார்கள். போர்க்காலத்துக்கு அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது, வேலி முடியவில்லை. வாள்வெட்டும் போதைப்பொருளும் மலிந்த காலத்தில் காவலரணை எடுப்பதா என்று கேட்பவர்கள் நம்மவரிலும் உண்டு. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் இவ்வளவு படை நிற்கிற மண்ணில்தானே அந்த வாள்களும் வீசப்பட்டன? குறைந்தது சீருடையல்ல. முறைப்பாட்டைத் தமிழில் கேட்டுத் தமிழிலேயே எழுதும் பொலிஸ், பின்னேரம் பெடியன்கள் கூட ஒரு மைதானம், விளக்கெரியும் வீடுகள், இவைதான் குறைந்தன.

2025 ஏப்ரலில், வலயத்துக்குள் அடைபட்டிருந்த வசாவிளான்–பலாலி வீதி முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு திறந்தது. நல்லது. ஆனால் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரைதான், இடையில் நிறுத்தக்கூடாது, படமெடுக்கக்கூடாது, நடக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். தோட்டத்துக்குப் போகிறவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துதானே போவான்?